விளாதிமிர்க்கா நெடுஞ்சாலையும் மனிதத் தடங்களும்: இசாக் லெவிதானின் யதார்த்தவாத நிலக்காட்சி ஓவியங்கள்

ஆய்வுச் சுருக்கம்

ரஷ்ய நிலக்காட்சி ஓவியர் இசாக் லெவிதான் (1860-1900), 'மனநிலை நிலக்காட்சி' என்னும் வகையின் முதன்மைக் கலைஞராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவ்வடையாளம் அவருடைய ஓவியங்களின் உணர்வு நலத்தைச் சுட்டுகிறதே தவிர, அவற்றின் யதார்த்தப் பண்பை விளக்குவதில்லை. மனித உருவம் ஏறக்குறைய இடம்பெறாத அவருடைய ஓவியங்களில் பாதை, மரப்பாலம், படகு, திறந்த கதவு, சாய்ந்த சிலுவை ஆகிய தடங்களின் வழியே மனித வாழ்வும் வரலாறும் பதிவாகியுள்ளன. இதனை அவருடைய வாழ்க்கைப் பின்னணியோடு, 1892ஆம் ஆண்டின் 'விளாதிமிர்க்கா' ஓவியத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லெவிதான், நிலக்காட்சி ஓவியம், யதார்த்தவாதம், விளாதிமிர்க்கா, செகாவ், ரஷ்ய ஓவியக்கலை

முன்னுரை

1870ஆம் ஆண்டு ரஷ்யாவில் 'பெரெத்விஷ்னிக்கி' எனப்படும் ஓவியர் சங்கம் தோன்றியது. ஓவியங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று மக்களுக்குக் காட்டுவதை நோக்கமாகக் கொண்டதால் அச்சங்கத்தினர் 'இடம்பெயர் கண்காட்சியினர்' என அழைக்கப்பெற்றனர். அரசவைக் கலைக்கழகம் போற்றிய தொன்மக் கதைகளையும் வீர வரலாறுகளையும் விடுத்து, உழவர், கைதி, பிச்சைக்காரர், ஊர்ப்பாதிரியார் என அன்றாட மனிதரை வரைவதே அவர்கள் கொண்ட யதார்த்தம். வோல்கா ஆற்றின் கரையில் படகிழுக்கும் கூலிகளை இலியா ரேப்பின் தீட்டியதும், பனியில் தண்ணீர்ப் பீப்பாய் இழுக்கும் சிறுவர்களை வசீலி பெரோவ் தீட்டியதும் இக்காலச் சூழலின் விளைவுகளே.

இத்தகைய சூழலில் நிலக்காட்சி ஓவியரின் நிலை சற்றுச் சங்கடமானது. துன்புறும் மனிதனே யதார்த்தத்தின் அளவுகோல் என்றால், மரத்தையும் நீரையும் மேகத்தையும் வரைபவர் எவ்வாறு யதார்த்தவாதி ஆவார்? இவான் ஷிஷ்கின் (1832-1898) இவ்வினாவிற்கு நுணுக்கத்தின் வழியே விடையளித்தார். அவருடைய பைன் மரங்களில் பட்டையின் வெடிப்பும் வேரின் முடிச்சும் தாவரவியலாளர் வியக்கும் துல்லியத்தோடு அமைந்துள்ளன. லெவிதானின் விடை வேறு. அவர் இலைகளை எண்ணி வரைந்தவர் அல்லர். அருகில் நின்று பார்த்தால் அவருடைய இலைகள் வெறும் வண்ணத் தீற்றல்களே. எனினும் சங்கத்தின் கண்காட்சிகளில் 1884 முதல் பங்கேற்று, 1891இல் அதன் உறுப்பினரும் ஆனார். அவரை அச்சங்கத்தின் மரபோடு இணைப்பது எது என்பதே இக்கட்டுரையின் வினா.

இளமையும் கல்வியும்

லெவிதான் 1860 ஆகஸ்டில், இன்றைய லிதுவேனியாவைச் சேர்ந்த கிபார்த்தாய் பகுதியில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தம் முயற்சியாலேயே ஜெர்மானிய, பிரெஞ்சு மொழிகளைக் கற்று, மொழிபெயர்ப்பாளராகவும் மொழி ஆசிரியராகவும் பிழைத்தவர். குடும்பம் மாஸ்கோவிற்குக் குடிபெயர்ந்தபின், 1873இல் மாஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக்கலைப் பள்ளியில் லெவிதான் சேர்ந்தார். 1875இல் தாயும் 1877இல் தந்தையும் இறந்தனர். வறுமையின் காரணமாகப் பள்ளி அவருடைய கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது.

அப்பள்ளியில் அவருக்கு அமைந்த ஆசிரியர்களுள் அலெக்சேய் சவ்ராசோவ் முதன்மையானவர். இவருடைய 'காக்கைகள் திரும்பிவிட்டன' (1871) என்னும் ஓவியம், உருகும் பனியும் சேறும் நான்கைந்து கோணல் பிர்ச் மரங்களும் ஒரு சிற்றூர்த் தேவாலயமுமே ஓவியத்திற்குப் போதுமான பொருள்கள் என்பதை ரஷ்ய ஓவிய உலகிற்கு நிறுவியது. அதற்கு முன்பு நிலக்காட்சி என்றால் இத்தாலியக் கடற்கரையும் ஆல்ப்ஸ் மலையும் என்றே பலர் கருதினர். எளிய நிலத்தை உற்றுநோக்கும் பழக்கத்தை லெவிதான் சவ்ராசோவிடமிருந்தே பெற்றார். ஒளியையும் தூய வண்ணத்தையும் கையாளும் முறையில் வசீலி பொலேனோவின் செல்வாக்கு உண்டு.

1879 ஏப்ரலில் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதனைத் தொடர்ந்து யூதர்கள் மாஸ்கோவில் வசிக்கத் தடை விதிக்கப்பட்டது. பத்தொன்பது வயதுகூட நிரம்பாத மாணவர் லெவிதான் நகரைவிட்டு வெளியேறிப் புறநகர்ச் சிற்றூரான சல்திகோவ்காவில் தங்க நேர்ந்தது. தம் நாட்டின் நிலத்தை வாழ்நாள் முழுவதும் வரைந்த ஒருவருக்கு மாஸ்கோவில் வசிக்கும் உரிமை உறுதியாக இருந்ததில்லை. இம்முரணை மனத்திற்கொள்வது பின்வரும் பகுதிகளுக்கு இன்றியமையாதது.

சொகோல்னிகிப் பாதையில் ஓர் உருவம்

வெளியேற்றத்திற்கு ஆளான அதே 1879இல் 'இலையுதிர்கால நாள். சொகோல்னிகி' என்னும் ஓவியத்தை லெவிதான் வரைந்தார். மாஸ்கோவின் சொகோல்னிகிப் பூங்காவில் வளைந்து செல்லும் பாதை. இருமருங்கும் உயர்ந்த இருண்ட பைன் மரங்கள். அவற்றின் முன்னே அண்மையில் நடப்பட்ட, மஞ்சள் இலைகளோடு கூடிய இளமரங்கள். மேலே விரைந்தோடும் மேகங்கள். பாதையின் நடுவே கரிய உடையணிந்த பெண்ணொருத்தி நம்மை நோக்கித் தனியே நடந்து வருகிறாள். அடுத்த ஆண்டு, கலைப்பொருள் சேகரிப்பாளர் பாவெல் திரெத்தியாகோவ் இதனை விலைக்கு வாங்கினார். லெவிதானின் படைப்புகளுள் அவர் வாங்கிய முதல் ஓவியம் இதுவே.

அந்தப் பெண்ணுருவை வரைந்தவர் லெவிதான் அல்லர். அவருடைய பள்ளித்தோழர் நிக்கொலாய் செகாவ், அதாவது எழுத்தாளர் அந்தோன் செகாவின் அண்ணன். நிலக்காட்சி ஓவியரின் திரையில் இன்னொருவர் உருவம் சேர்ப்பது அக்காலத்தில் அரிதன்று. ஷிஷ்கினின் புகழ்பெற்ற 'பைன் காட்டில் காலை' (1889) ஓவியத்தில் கரடிகளை வரைந்தவர் கொன்ஸ்தந்தீன் சவீத்ஸ்கி. லெவிதான் அந்த உதவியை மீண்டும் நாடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. சொகோல்னிகி ஓவியத்தில் பெண்ணுருவை விரலால் மறைத்துப் பார்த்தால் படம் குறைவுபடுவதில்லை. நடந்து தேய்ந்த பாதை, யாரோ குழிதோண்டி நட்ட இளமரங்கள் ஆகியவையே அங்கு மனிதர் உண்டு என்பதைச் சொல்லிவிடுகின்றன. பிற்காலத்து லெவிதான் செய்தது இதைத்தான்: உருவத்தை நீக்கிவிட்டு அதன் தடத்தை நிறுத்தினார்.

வோல்கா ஆண்டுகள்

1880களின் நடுவில் லெவிதான், செகாவ் குடும்பத்தினர் கோடைக்காலத்தில் தங்கிய பாப்கினோ பகுதியில் அவர்களோடு பழகி வாழ்ந்தார். தமிழ் வாசகர்க்கு மொழிபெயர்ப்புகளின் வழியே நன்கு அறிமுகமான செகாவின் எழுத்தும் அப்போதுதான் முதிர்ந்துகொண்டிருந்தது. 1887இல் லெவிதான் முதன்முறையாக வோல்காவிற்குச் சென்றார். அப்பயணம் அவருக்குப் பெரும் ஏமாற்றம். எதிர்பார்த்த பேராறு அவர் கண்ணுக்குச் சாம்பல்நிற நீர்ப்பரப்பாகவே தோன்றியது. மறு ஆண்டு, ஓவியர் சோஃபியா குவ்ஷின்னிகோவா, அலெக்சேய் ஸ்தெபானோவ் ஆகியோருடன் மீண்டும் சென்று பிளியோஸ் என்னும் சிற்றூரைக் கண்டடைந்தார். 1888 முதல் 1890 வரையிலான கோடைகள் அங்கேயே கழிந்தன. 'மாலை. பொன்னொளியில் பிளியோஸ்', 'மழைக்குப் பின். பிளியோஸ்' (இரண்டும் 1889) முதலியன அக்கோடைகளின் விளைச்சல்.

இங்கு அவருடைய செயல்முறை குறித்து ஒன்று கூறவேண்டும். யதார்த்தவாதி கண்டதைக் கண்டவாறே பெயர்த்தெழுதுபவர் என்னும் எளிய எண்ணத்திற்கு லெவிதான் இடம்தருவதில்லை. களத்தில் சிறு முன்வரைவுகளைத் தீட்டி, அவற்றையும் நினைவையும் துணையாகக் கொண்டு பணிக்கூடத்தில் பெரிய ஓவியங்களை உருவாக்கினார். 'அமைதியான உறைவிடம்' (1890) ஓவியத்தில் ஆற்றின் மறுகரையில் தோன்றும் துறவி மடம், ஒரே இடத்தில் உள்ள ஒரே மடம் அன்று. வெவ்வேறு இடங்களில் கண்டவை ஒன்றாக்கப்பட்டவை. அந்த மடத்திற்கு நம்மை அழைத்துச்செல்வது, முன்புறத்தில் ஆற்றின் குறுக்கே கிடக்கும் கோணல்மாணலான மரப்பலகைப் பாலம். பாலத்தில் ஒருவரும் இல்லை.

செகாவின் 'மூன்று ஆண்டுகள்' (1895) குறுநாவலில் யூலியா என்னும் பாத்திரம் ஓவியக் கண்காட்சியில் ஒரு சிறு நிலக்காட்சியின் முன் நிற்கிறாள். ஓடை, அதன்மேல் மரப்பாலம், அப்பால் புல்லில் மறையும் ஒற்றையடிப்பாதை. அதுவரை ஓவியங்களில் நாட்டமற்றிருந்த அவள், அப்பாதையில் தானே நடந்து செல்வதாக உணர்கிறாள். திறனாய்வாளர்கள் இக்காட்சியை லெவிதானோடு பொருத்திப் பேசுவதுண்டு. எந்த ஓவியம் என்று அடையாளம் காண்பதைவிட, செகாவ் பிடித்த இடம் முக்கியமானது. பாலத்தில் ஆள் இல்லாமையால்தான் யூலியாவால் அதன்மேல் நடக்க முடிகிறது.

விளாதிமிர்க்கா

1892 கோடையில் லெவிதானும் குவ்ஷின்னிகோவாவும் விளாதிமிர் மாகாணத்தில் போல்தினோ தொடர்வண்டி நிலையத்திற்கு அருகிலுள்ள சிற்றூரில் தங்கியிருந்தனர். ஒரு நாள் வேட்டையிலிருந்து திரும்பும் வழியில் பழைய நெடுஞ்சாலை ஒன்றை அடைந்ததையும், சாலையோரத்தில் கூரையிட்ட மரத்தாலான வழிபாட்டுக் குறியின் அடியில் அமர்ந்திருந்தபோது, அது விளாதிமிர்க்கா என்பதை லெவிதான் திடீரென உணர்ந்ததையும் குவ்ஷின்னிகோவா தம் நினைவுக்குறிப்பில் பதிவுசெய்துள்ளார். மாஸ்கோவிலிருந்து கிழக்கே செல்லும் அச்சாலையில்தான் தலைமுறை தலைமுறையாகக் கைதிகள் காலில் விலங்கு ஒலிக்கச் சைபீரியாவிற்கு நடத்திச் செல்லப்பட்டனர். மறுநாளே திரையோடு அங்குச் சென்ற லெவிதான், சில அமர்வுகளில் அவ்விடத்திலேயே ஓவியத்தை வரைந்து முடித்தார்.

ஓவியத்தில் உள்ளவை மிகச் சில. அகன்ற சாலை முன்புறத்தில் தொடங்கித் தொடுவானம் வரை நீள்கிறது. அதற்கு இணையாக, காலடிகளால் தேய்ந்த ஒற்றையடிப்பாதைகள் புல்வெளியைக் கீறிச்செல்கின்றன. வானம் சாம்பல்நிற மேகங்களால் மூடியிருக்கிறது. தொலைவில் ஒளிபட்ட வயலும் வெண்ணிறத் தேவாலயமும் சிறு கீற்றுகளாகத் தெரிகின்றன. சாலையோர வழிபாட்டுக் குறியின் அருகே, பயணிப் பெண்ணொருத்தி கரும்புள்ளியாகத் தோன்றுகிறாள். கைதி இல்லை, காவலன் இல்லை, விலங்கும் இல்லை. கண்காட்சியினர் மரபில் வந்த வேறொருவர் இதே பொருளைத் தேர்ந்திருந்தால், சங்கிலியிட்ட ஒரு கூட்டத்தையாவது நடுவில் நிறுத்தியிருப்பார்.

இந்த வெறுமையை உணர்வுக்குறிப்பாக மட்டும் விளக்குவது வழக்கம். இக்கட்டுரையாளர் கருத்தில் அது வரலாற்று உண்மையும் ஆகும். மாஸ்கோவையும் நீழ்னி நோவ்கொரோதையும் இணைக்கும் இருப்புப்பாதை 1862இல் திறக்கப்பட்டது. அதன்பின் கைதிகள் தொடர்வண்டியிலும் ஆற்றுப் படகுகளிலும் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டனர். விளாதிமிர்க்காவில் நடைக்கூட்டங்கள் நின்றுபோயின. லெவிதான் அச்சாலையைக் கண்டபோது அது கைவிடப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தங்கிய போல்தினோவும் அவ்விருப்புப்பாதையில் அமைந்த நிலையமே. ஆக, சாலையை வெறுமையாக்கிய அதே தடத்தின் வழியேதான் ஓவியர் சாலைக்கு வந்துசேர்ந்தார். 1892இல் அங்குக் கைதிகளை வரைந்திருந்தால் அதுவே கற்பனையாகியிருக்கும். வெற்றுச் சாலையே அவர் கண்ணால் கண்டது. கண்டதை மீறாமல், அங்கு நடந்ததையும் மறைக்காமல் இருப்பதற்கு அவருக்குக் கிடைத்த கருவிகள் இரண்டு: மண்ணில் பதிந்த பாதைகள், ஓவியத்தின் பெயர். பெயரை நீக்கினால் இது மேகமூட்டமான நாளில் ஒரு நாட்டுப்புறச் சாலை. பெயரை அறிந்தபின் அவ்வொற்றையடிப்பாதைகளைத் தேய்த்த கால்கள் எவை என்னும் வினா எழாமல் போகாது.

தமிழ் ஆய்வாளர்க்கு இங்குத் திணைக் கோட்பாடு நினைவுக்கு வருவது இயல்பு. நிலமும் பொழுதும் உணர்வைச் சுமக்கும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. ஆனால் ஒப்பீட்டை விரித்துச் செல்வதில் கவனம் வேண்டும். திணை மரபில் குறிஞ்சிக்கு இன்ன உரிப்பொருள் என்பது கவிஞனும் கேட்போரும் முன்னரே ஏற்ற வழக்கு. லெவிதானிடம் அத்தகைய முன்னுடன்பாடு இல்லை. விளாதிமிர்க்காவின் துயரம் பாலைக்குரிய பொதுத்துயரம் போன்றதன்று. பெயரும் வரலாறும் உடைய ஒரு குறிப்பிட்ட சாலைக்கு உரியது.

இன்னொரு தற்செயல் இணைவும் சுட்டத்தக்கது. 1890இல் செகாவ் தொலைகிழக்கிலுள்ள சகலின் தீவுக்குச் சென்று, அங்குத் தண்டனைக் குடியேற்றத்தில் வாழ்ந்தோரைக் கண்டறிந்தார். அவருடைய 'சகலின் தீவு' 1895இல் நூலாக வெளிவந்தது. கைதிகள் சென்றடைந்த முனையை நண்பர் ஒருவர் எழுதினார். அவர்கள் புறப்பட்ட வழியை மற்றவர் வரைந்தார். ஒன்று மற்றதைத் தூண்டியது எனக் கொள்ளவேண்டியதில்லை. இவ்விரு படைப்பாளரும் ஓலமிடாமல் சொல்லும் முறையில் ஒத்தவர்கள் என்பது மட்டும் போதும்.

1892ஆம் ஆண்டிலேயே யூதர்களை மாஸ்கோவிலிருந்து வெளியேற்றும் ஆணை லெவிதானை மீண்டும் தாக்கியது. அப்போது அவர் நாடறிந்த ஓவியர். அவருடைய ஓவியங்கள் திரெத்தியாகோவின் தொகுப்பில் இருந்தன. ஆயினும் நகரைவிட்டு விலகியிருக்க நேர்ந்தது. நண்பர்களின் முயற்சியால்தான் திரும்பிவர இசைவு கிடைத்தது. ஓவியத்தையும் இந்நிகழ்வையும் காரண காரியமாகக் கோத்துவிடும் ஆவல் பலரிடம் காணப்படுகிறது. ஓவியம் தோன்றியமைக்கு அச்சாலையை எதிர்ப்பட்ட தருணமே காரணம் என்கிறது குவ்ஷின்னிகோவாவின் குறிப்பு. எனவே, ஆணை அவ்வோவியத்தைப் பிறப்பித்தது எனக் கூறுவது மிகை. பெயர்த்தெறியப்படுதல் என்பதை 1879 முதலே அறிந்திருந்த ஒருவர், அச்சாலையின் பெயரைக் கேட்டவுடன் அதன் பொருளையும் உணர்ந்தார் என்பது மிகையாகாது. 1894இல் இவ்வோவியத்தை லெவிதான் திரெத்தியாகோவுக்கு அன்பளிப்பாகவே வழங்கினார்.

முறிந்த நட்பும் திறந்த கதவும்

அதே 1892இன் தொடக்கத்தில் செகாவின் 'வெட்டுக்கிளி' என்னும் சிறுகதை வெளிவந்தது. மருத்துவரின் மனைவியான ஒருத்தி, நிலக்காட்சி ஓவியன் ஒருவனோடு வோல்காப் பயணம் மேற்கொண்டு உறவு கொள்வதாக அமைந்த கதை. குவ்ஷின்னிகோவாவின் கணவரும் மருத்துவரே. கதையில் தம்மைக் கண்ட லெவிதான் செகாவோடு பேசுவதை நிறுத்தினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்த அம்முறிவு, 1895 ஜனவரியில் எழுத்தாளர் தத்தியானா ஷெப்கினா-குப்பெர்னிக் லெவிதானைச் செகாவின் மெலிகோவோ இல்லத்திற்கு அழைத்துச் சென்றபோது முடிவுற்றது.

இடைப்பட்ட காலத்தில் வரையப்பட்ட 'நிலைத்த அமைதியின்மேல்' (1894) அவருடைய ஓவியங்களுள் அளவிலும் பெரியது: உயரம் 150, அகலம் 206 சென்டிமீட்டர். பெருநீர்ப்பரப்பை நோக்கிய மேட்டில் சிறு மரத்தேவாலயம், சாய்ந்த கல்லறைச் சிலுவைகள், பார்வையை விழுங்கும் வானம். தத்துவச் சுமையேறிய ஓவியம் என இதனைச் சிலர் குறைகூறுவதும் உண்டு. 'விளாதிமிர்க்கா'வின் அடக்கம் இதில் இல்லை என்பது ஓரளவு உண்மையே. ஆனால் அத்தேவாலயத்தின் சன்னலில் மின்னும் சிறுவெளிச்சத்தை மறந்துவிடக்கூடாது. உள்ளே யாரோ விளக்கேற்றியிருக்கிறார்கள்.

1895 மார்ச் மாதத்தில், துவேர் மாகாணத்தின் கோர்க்கா பண்ணையில் 'மார்ச்' ஓவியம் உருவாயிற்று. இதற்கு முந்தைய ஓவியங்களின் சாம்பல்நிறத்திலிருந்து வருவோர்க்கு இதன் வண்ணம் கண்கூசச் செய்யும். பனியில் விழும் நிழல்கள் நீலமாக உள்ளன. வீட்டுச் சுவர் வெயிலில் மஞ்சளாக எரிகிறது. மெலிந்த மரத்தின் உயரத்தில் பறவைக்கூடு ஒன்று கட்டப்பட்டுள்ளது. வாசலில் சறுக்குவண்டி பூட்டிய குதிரை நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. வந்தவர் உள்ளே சென்றிருக்கிறார். எந்நேரமும் திரும்புவார் என்று குதிரை காத்துநிற்கிறது. ஒருவரையும் காட்டாமல் ஒரு வருகையையும் ஒரு காத்திருப்பையும் காட்டிவிடுகிறார் லெவிதான். 'விளாதிமிர்க்கா'வில் துயரத்திற்குப் பயன்பட்ட அதே உத்தி இங்கு மகிழ்ச்சிக்குப் பயன்பட்டுள்ளது. தடம் என்பது அவரிடம் ஒரு மனநிலையின் அடையாளம் அன்று, பார்க்கும் முறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 'வசந்தம். பெருவெள்ளம்' (1897) ஓவியத்தில் நீர் சூழ்ந்த மெல்லிய பிர்ச் மரங்களுக்கு முன்னே கரையொதுங்கிக் கிடக்கும் வெறும்படகும் இவ்வகையினதே.

'மார்ச்' ஓவியத்தின் ஒளியைக் கொண்டு ஓவியரின் உள்ளத்தை அளந்துவிட முடியாது. அதே ஆண்டுக் கோடையில், அதே கோர்க்காவில் அவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். செகாவ் நேரில் சென்று அவரைக் கண்டார்.

இறுதி ஆண்டுகள்

1897இல் மருத்துவர் என்ற முறையில் லெவிதானைச் சோதித்தவரும் செகாவே, இதயநோய் முற்றியிருந்தது. 1898இல் லெவிதானுக்குக் கலைக்கழகம் 'அகாதெமிக்' தகுதியை வழங்கியது. முன்னர் ஓவியர் என்னும் முழுத்தகுதிச் சான்று தராமல் அனுப்பிய மாஸ்கோ பள்ளி, அதே ஆண்டு அவரை நிலக்காட்சி வகுப்பின் ஆசிரியராக அமர்த்தியது.

1899ஆம் ஆண்டின் இறுதியில் கிரிமியாவிலுள்ள யால்தாவிற்குச் சென்று, காசநோயால் அங்குத் தங்கியிருந்த செகாவோடு சில நாள் கழித்தார். தெற்கின் கடலும் சைப்ரஸ் மரங்களும் சூழ இருந்தாலும் வடக்கின் நிலத்திற்காகச் செகாவ் ஏங்கினார். லெவிதான் அட்டைத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, நிலவொளியில் வயலில் நிற்கும் வைக்கோற்போர்களை விரைந்து வரைந்தார். படிப்பறையின் கணப்படுப்பின் மேலே அவ்வட்டை பதிக்கப்பட்டது. அறுவடை செய்தவர் எவரும் அதில் இல்லை. போர்கள் மட்டும் நிற்கின்றன.

மாஸ்கோ திரும்பியபின் 'ஏரி. ருஸ்' என்னும் பெரிய ஓவியத்தில் ஈடுபட்டிருந்தார். வெயிலில் ஒளிரும் ஏரி, மறுகரையில் வயல்களும் குடியிருப்புகளும் தேவாலயங்களும், எல்லாவற்றின் மேலும் நகர்ந்துசெல்லும் மேகநிழல். ருஸ் என்பது ரஷ்ய நிலத்தின் தொன்மையான பெயர். மாஸ்கோவிலிருந்து இருமுறை வெளியேற்றப்பட்டவர் தம் இறுதி ஓவியத்திற்கு அப்பெயரைத் தேர்ந்தார். பழைய ரஷ்ய நாட்காட்டியின்படி 1900 ஜூலை 22ஆம் நாள் அவர் இறந்தபோது அது முற்றுப்பெறாமல் இருந்தது. மாஸ்கோவில் யூதர்களுக்குரிய தொரொகொமீலொவோ இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். 1941இல் அவருடைய எச்சங்கள் நொவொதேவிச்சி இடுகாட்டிற்கு மாற்றப்பட்டுச் செகாவின் கல்லறைக்கு அருகில் வைக்கப்பட்டன.